ஊர்ல எந்தப் பக்கம் ப்ரோ?

சென்ற மாதம் சென்னையில் ஒரு ஹெவி மெட்டல் கச்சேரிக்குப் போயிருந்தேன். மைதானம், மாபெரும் மேடை எல்லாம் இல்லை. சின்ன அரங்கு. உள்ளூர்க் குழுக்கள் மூன்று. பார்க்க வந்தவர்கள் ஐம்பது பேர்கூட இருக்க மாட்டோம்.

கிதார்கள் அலறத் தொடங்கியதும் மேடைக்கு முன்னால் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் முட்டி மோதி ஆடினார்கள். மோஷ் பிட் என்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் அடிதடி மாதிரி இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு விதி உண்டு: யாராவது விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் உடனே கைகொடுத்துத் தூக்க வேண்டும். நானும் விழுந்தேன். முன்பின் தெரியாத நாலைந்து கைகள் என்னைத் தூக்கி நிறுத்தின. தண்ணீரைக்கூட எட்டி நின்று கையில் ஊற்றிய காலத்தைப் பற்றி அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தத் தொடுதல் எனக்குச் சாதாரணமானதல்ல.

கச்சேரி முடிந்து டீக்கடையில் நின்றோம். என்னைத் தூக்கிவிட்டவர்களில் ஒருவர் கேட்டார், "சொந்த ஊர் எது ப்ரோ?"

"அரியலூர் பக்கம், கீழப்பழுவூர்."

"ஓ, பழுவேட்டரையர் ஊரா! ஊர்ல எந்தப் பக்கம் ப்ரோ?"

இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். "காலனி" என்றேன். "சூப்பர் ப்ரோ" என்றவர், போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. பேச்சு மட்டும் நின்றுபோனது.

ஹெவி மெட்டல் பிறந்தது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளிடம். பிளாக் சாபத் குழுவின் கிதார் கலைஞர் டோனி ஐயோமி தகரத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 17 வயதில் இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தார். இடது கைப் பழக்கக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், அதன்மேல் பழைய ஜாக்கெட்டின் தோலை ஒட்டினார். வலி குறைய மெல்லிய தந்திகளைக் கட்டினார், பின்னர் அவற்றைத் தளர்த்தியும் வாசித்தார். அந்தக் கனத்த ஒலிக்கு அதுவும் ஒரு காரணம். பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1970இல் அவர்களின் முதல் தொகுப்பு வந்தது.

தோல், இறைச்சிக்கூடம், ஆலை. இவை நமக்கு அந்நியமானவையா? எங்கள் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் உண்டு. புழுதியோடு வீடு திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் உண்டு. ஆனால் அன்றைய மேடையில் பாடப்பட்டவை அநேகமாக ஆங்கிலப் பாடல்கள், அதில் வந்த பிசாசுகளும் வெளிநாட்டுப் பிசாசுகள். கோபத்தை இறக்குமதி செய்துகொண்டோம். கோபப்பட வேண்டிய காரணத்தை டீக்கடையில் விட்டுவிட்டோம்.

ஊருக்குப் போனபோது அந்த வீடியோவை மாமாவிடம் காட்டினேன். இளவயதில் சாவுக்குப் பறை அடித்தவர், பிறகு "இனி அடிக்க மாட்டேன்" என்று நிறுத்தியவர். முழுதாகக் கேட்டுவிட்டு, "இதை அடிக்கிறதுக்கு இவனுக்கு யாரு நெல்லு அளக்குறா?" என்றார்.

"யாரும் இல்ல மாமா. அவங்க கைக்காசைப் போட்டுத்தான் வாசிக்கிறாங்க."

"அப்ப வேணாம்னா நிறுத்திக்கலாம்ல?"

விஷயம் அங்கேதான் இருக்கிறது. சத்தம் போட உரிமை, வேண்டாம் என்றால் நிறுத்த உரிமை. இரண்டும் சேர்ந்தால்தான் அது கலை. நிறுத்த முடியாதபோது அது ஊழியம். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது, மகிழ்ச்சி. ஆனால் சாவுக்குப் பறையடிக்க இன்னமும் ஒரே தெருவைத் தேடிப்போகும் ஊர்கள் இருக்கும்வரை அந்த மகிழ்ச்சி முழுமையாகாது.

வழி தெரியாமல் இல்லை. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதி பேதமற்ற' என்ற சொல்லில் இருந்து பெயர் எடுத்த குழு. கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒரே மேடையில் நின்றன. இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் தமிழில் பாடினார்கள். டீக்கடையில் மறைமுகமாகக் கேட்கப்படும் கேள்வியை அவர்கள் மேடையிலேயே எடுத்துப் பேசினார்கள்.

மெட்டல் வாசிக்கும் நண்பர்களே, உங்கள் இசை எனக்குப் பிடிக்கும், அடுத்த கச்சேரிக்கும் வருவேன். தமிழில் பாடுங்கள், நம் ஊரின் பிசாசைப் பாடுங்கள். சென்னையை விட்டு அரியலூருக்கும் வாருங்கள். ஐம்பது பேர் போதும். என் மாமாவை முன்வரிசையில் உட்கார வைக்கிறேன்.

விழுந்தவரைத் தூக்கும் அந்த விதி நல்ல விதி. அது அரங்கின் வாசலோடு முடிந்துவிடக் கூடாது. அடுத்த முறை "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்க நாக்கு எழும்போது, அதை விழுங்கிவிட்டு இன்னொரு டீ சொல்லுங்கள் ப்ரோ.