கல்லும் நெய்யும்: பெட்ரோலியம் என்னும் சொல் குறித்து

கலைச்சொல் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இரு தரப்பார் எதிரெதிரே நின்றுவிடுகின்றனர். ‘பெட்ரோலியம் உலகப் பொதுச்சொல், அதைத் தொடாதீர்’ என்பர் ஒரு சாரார். ‘தமிழில் பெயரில்லாத பொருள் தமிழர்க்கு உரியதன்று’ என்பர் மற்றொரு சாரார். அச்சொல்லைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க இருவருக்குமே பொறுமையிருப்பதில்லை. நாம் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

பெட்ரா என்றால் பாறை. ஒலியம் என்றால் எண்ணெய். இடைக்கால இலத்தீன் இவ்விரண்டையும் ஒட்டிப் பெட்ரோலியம் ஆக்கிற்று. செருமானிய அறிஞர் அக்ரிகோலா 1546இல் வெளிவந்த தம் கனிமவியல் நூலில் இதனைக் கையாண்டார். சொல்லோ அவருக்கும் மூத்தது. பெட்ரா கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்கு வந்தது. ஏசுவின் சீடர் பேதுருவின் பெயரிலும் இந்தப் பாறையே இருக்கிறது. ஒலியமும் கிரேக்க வழியினதே. முதலில் அது ஒலிவக் கனியின் நெய்யை மட்டுமே குறித்தது. பிறகு எல்லா நெய்க்கும் பொதுவாயிற்று. ஆங்கிலத்தின் ‘ஆயில்’ அதன் வழித்தோன்றல்.

இங்கேதான் தமிழ் வாசகர் நிமிர்ந்து உட்கார வேண்டும். எள்ளின் நெய் எண்ணெய். அதுவும் ஒரு வித்தின் பெயரிலிருந்து எழுந்து பொதுப்பெயராகிவிட்டது. அவ்வாறு ஆனபின் எள்ளின் நெய்க்கே ‘நல்லெண்ணெய்’ என்று வேறு பெயர் தேவைப்பட்டது! தேங்காய் எண்ணெயில் எள் இல்லை. பெட்ரோலியத்தில் ஒலிவம் இல்லை. மத்தியதரைக் கடற்கரையாரும் நம்மவரும் தத்தம் நிலத்து விளைச்சலைக் கொண்டே நெய்ப்பொருள் அனைத்தையும் அழைக்கக் கற்றிருக்கின்றனர்.

பிறரும் தம் கண்ணும் மூக்கும் சொன்னபடியே பெயரிட்டனர். 11ஆம் நூற்றாண்டுச் சீன அறிஞர் சென் குவோ ‘ஷியூ’ என்றெழுதினார். கல்லெண்ணெய் என்பது பொருள். அதன் புகைக்கரியைத் திரட்டி எழுதும் மை செய்து பார்த்தவரும் அவரே. பர்மியர் ‘யேநன்’ என்றனர். நாறும் நீர் என்று பொருள். ஐராவதிக் கரையின் எண்ணெய் நகரமான யேனாஞ்சாங் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. மலாய் மொழியில் மண்ணெண்ணெய்க்குப் பெயர் ‘மின்யாக் தானா’. அதன் நேர்ப்பொருளும் மண்ணெண்ணெய்தான்.

நம் அடுப்படியும் சும்மா இருக்கவில்லை. கெரசின் என்பது 1850களில் ஆபிரகாம் கெஸ்னர் மெழுகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்கிய வணிகப்பெயர். அது இங்கு வந்ததும், சிலர் சீமையிலிருந்து வந்ததென்று சீமெண்ணெய் என்றனர். சிலர் மண்ணெண்ணெய் என்றனர். சிலர் நாவில் கெரசின் ஆயில் ‘கிருஷ்ணாயில்’ ஆகிப் பெருமாள் பெயரையே பெற்றுவிட்டது. அந்நியப் பொருளொன்றைத் தமதாக்கிக்கொள்ள மக்கள் எடுத்துக்கொண்ட உரிமை இது. அந்த உரிமையைப் பாடநூல் எழுதுவோர் ஏன் கைவிட வேண்டும்?

நம் தரப்பைச் சொல்லிவிடுகிறோம். பெட்ரோலியத்தை விரட்ட வேண்டியதில்லை. ஆனால் திறந்து காட்டாமல் அதை மாணவர் தலையில் வைப்பது பூட்டிய பெட்டியைச் சுமக்கச் சொல்வதாகும். சீன மாணவருக்குச் சொல்லே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடுகிறது. நம் மாணவரோ பெட்ரோலும் பெட்ரோலியமும் ஒன்றென மயங்குகிறார். பெட்ரோல், கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கையில் பிரியும் பலவற்றுள் ஒன்றே. ஆகவே சொல் முதன்முதல் வருமிடத்தில் ‘கல்லெண்ணெய்’ என்று சேர்த்தெழுதுக. பாறைநெய் என்பாரும் உளர். ஆயினும் இன்றைய செவிக்கு நெய் என்றால் பசுநெய். கல்லெண்ணெயோ மண்ணெண்ணெய்க்கு அருகில் உடன்பிறப்பாக அமர்ந்துகொள்கிறது. இரண்டுக்கும் உள்ள உறவைக் குழந்தை தானே கண்டுகொள்ளும்.

‘கல் எண்ணெயைத் தருவதில்லையே, பெயர் பிழையன்றோ?’ என வினவலாம். உண்மைதான்; பழங்கடல்களில் மடிந்து படிந்த நுண்ணுயிர்கள், கோடிக்கணக்கான ஆண்டுகள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து மாறியதே இது. பாறை அதன் தாயன்று, அதன் நுண்துளைகளில் தங்கவைத்த வீடு. இலத்தீன்காரரும் சீனரும் அந்த வீட்டைக் கண்டே பெயரிட்டனர். பெயர் முழு அறிவியலாக இருக்க வேண்டியதில்லை. கேட்பவர் மனத்தில் ‘ஏன் கல்?’ என்றொரு கேள்வியை எழுப்பினால் போதும். பெட்ரோலியம் என்ற ஒலி தமிழ்ச்செவியில் அக்கேள்வியை எழுப்புவதில்லை. கல்லெண்ணெய் எழுப்பும்.