இருட்டுக்கும் ஒரு வக்கீல் வேண்டும்

போன வாரம் தம்பி மகன் வந்திருந்தான். வீட்டுக்குள் விளக்கு வைத்துக் கஞ்சா வளர்த்துப் பிடிபட்டவர்களைப் பற்றிய செய்தியைக் கைபேசியில் காட்டினான். "எவ்வளவு மூளை பாருங்க பெரியப்பா!" என்றான்.

எனக்கு அவர்கள் மேல் இரக்கம் கிடையாது. 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டப்படி அனுமதியில்லாமல் கஞ்சாச் செடி வளர்த்தால் 10 வருடம் வரை கடுங்காவல். அது சரிதான். ஆனால் அவர்கள் மூளையின் ரகசியம் என்ன? விளக்கு என்று நினைக்கிறோம். இல்லை, இருட்டு! செடி வளரும்வரை நீண்ட பகல் கொடுக்கிறார்கள். பூக்க வேண்டிய காலம் வந்ததும் தினமும் 12 மணி நேரம் கும்மிருட்டு. கதவிடுக்கில் கசியும் வெளிச்சத்தைக்கூடத் துணி வைத்து அடைக்கிறார்கள்.

இதை முதலில் கண்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பாடப் புத்தகங்கள் 1920இல் புகையிலைச் செடியை ஆராய்ந்த கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்கர்களைச் சொல்லும். அதற்கு முன்பே, 1912இல், பாரிஸில் ஜூலியென் தூர்னுவா என்ற இளைஞர் இதே கஞ்சா இனச் செடியை வைத்துப் பார்த்தார். பகல் குறைவதைவிட இரவு நீள்வதுதான் அதைப் பூக்க வைக்கிறது என்று எழுதினார். 1914இல் முதல் உலகப் போரில் மாண்டு போனார். பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கே அவர் பெயரை எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

பிறகு 1938இல் மருளூமத்தையை வைத்துச் சோதித்தார்கள். நீண்ட இரவின் நடுவில் ஒரே ஒரு நிமிடம் வெளிச்சம் காட்டினால் போதும், அந்தச் செடி பூக்கவில்லை. செடிக்கு இரவு என்பது சும்மா கிடக்கும் நேரம் அல்ல. அது கணக்குப் பார்க்கும் நேரம்.

நம் முன்னோர்களுக்கு இது தெரியாதா? கார், பிசானம் என்று தாமிரபரணிப் பாசனத்தில் பருவம் பிரித்தவர்கள் அவர்கள். பழைய சம்பா ரகங்கள் பலவும் இரவு நீண்டால்தான் கதிர் வாங்கும். பட்டம் தவறினால் விளைச்சலும் தவறும் என்று சொன்னது மழையை மட்டும் பார்த்து அல்ல.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். குரும்பூர் பக்கம் என் மைத்துனர் ஆசைப்பட்டுப் பழைய சம்பா போட்டார். வயலோரம் உயர்ந்த கம்பத்தில் புதிதாக வெள்ளை விளக்கு வைத்தார்கள். தை மாதம் போய்ப் பார்த்தேன். வயல் முழுக்கக் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. கம்பத்தடியில் மட்டும் அரைவட்டமாகப் பச்சை. ஒரு கதிர் இல்லை. கவராயம் வைத்துக் கீறின மாதிரி. "பூச்சியா அத்தான்?" என்று கேட்டார். "பூச்சி இல்லை மாப்பிள்ளை, பல்பு" என்றேன்.

மனு எழுதிக் கொடுத்தோம். ஒரு வாழ்நாள் முழுக்க மனுக்களை வாங்கி அடுக்கியவன் நான். என் மனுவுக்கு என்ன கதி என்று எனக்கே தெரியும். "வெளிச்சம் வேண்டாம் என்று மனுக் கொடுக்கும் முதல் ஆள் நீங்கள்தான்" என்று சிரித்தார்கள்.

பெண்பிள்ளைகள் நடக்கிற பாதை, விளக்கு வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். பாதைக்கு வேண்டும்; வயலுக்கு எதற்கு? விளக்குக்கு ஒரு தகரக் குல்லாய் போட்டு வெளிச்சத்தைப் பாதை மேல் இறக்கலாம். ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும் பாதியாகக் குறைக்கலாம். வயல் பக்கம் மறைப்பு வைக்க ஆகும் செலவு, திறப்பு விழா மாலைச் செலவைவிடக் குறைவு. வெளிச்சம் என்றால் வளர்ச்சி, இருட்டு என்றால் பின்தங்கல் என்ற மூடநம்பிக்கைதான் தடை.

சட்டத்துக்குப் பயந்து ஒளிந்திருப்பவன் தன் செடிக்கு ஒழுங்கான இரவைக் கொடுக்கிறான். சோறு போடுகிற நெல்லுக்கு அதைக் கொடுக்க நமக்கு மனமில்லை. தம்பி மகனிடம் அன்று இதைத்தான் சொன்னேன். மூளை அவனுக்கு மட்டும் இல்லையப்பா. நமக்கும் இருந்தது; விளக்கைப் போட்டு நாமே மறந்துவிட்டோம்.