காத்திருந்தவர்களுக்கும் ஒரு வணக்கம்

“நம்ம சென்னையில பிறந்த அஜித் கிருஷ்ணன் எப்ப சார் விண்வெளிக்குப் போவார்?” அம்பத்தூரில் காலை நடையில் நண்பர் கேட்டார்.

2024 பிப்ரவரி 27 அன்று ககன்யான் வீரர்கள் நால்வரில் ஒருவராக அறிவிக்கப்பட்டவர். சக வீரர் சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் பறந்துவிட்டார்.

1984ல் ராகேஷ் சர்மா பறந்தார். அவரோடு ரஷ்யாவில் அதே பயிற்சி பெற்ற ரவீஷ் மல்ஹோத்ரா கடைசிவரை பறக்கவே இல்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு பத்ரிக் போத்ரி நினைவுக்கு வருகிறார். 1982ல் ழான் லூப் கிரெத்தியானுக்கு மாற்று வீரர். 1985ல் அமெரிக்க விண்ணோடத்தில் பறந்தார். மல்ஹோத்ராவுக்கு அந்த மறுவாய்ப்பு வரவில்லை.

பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருந்தும் ஆணை வராமலே ஓய்வு பெற்றவன் நான். அந்த வலி தெரியும். பறந்தவருக்கு மாலை போடுங்கள். தயாராக நின்றவரையும் மறக்காதீர்கள்.