மோட்டாரைப் பழிக்குமுன் அளந்து பாருங்கள்

மழை ஓய்ந்த மறுநாள், சிம்பாங் பூலாய்ப் பக்கத்துச் செம்மண் பாதையில் ஏடிவி வண்டி ஒன்று கியர் மாறாமல் நின்றால், "மோட்டார் போச்சு" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். மாணவர்களே, உடனே நம்பிவிடாதீர்கள்.

ஹோண்டாவின் 1998 மாடல் ஃபோர்மேன் இ.எஸ். வண்டியைப் பாருங்கள். கைப்பிடிப் பொத்தானை அழுத்தினால், கட்டுப்பாட்டுக் கணினி சிறு மோட்டாரைச் சுழற்றும். அது பல்சக்கரங்கள் வழியே கியர் தண்டைத் திருப்பும். தண்டு எவ்வளவு திரும்பியது என்பதைக் கோண உணரி மின்னழுத்தமாகக் கணினிக்குச் சொல்லும். அந்த ஒயர் இணைப்பில் ஈரம் புகுந்து பச்சைக் களிம்பு பிடித்தால் மின்தடை கூடும்; கணினிக்குத் தவறான அளவு போகும்; கியரும் மாறாது. (சேற்று வண்டியை அழுத்தக் குழாயால் பீய்ச்சிக் கழுவுகிறோமே, அதுவும் ஒரு காரணம்!)

ஆகவே முதலில் பேட்டரி என்பேன். முழுதாக மின்னேறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். அது மட்டும் போதாது. எஞ்சினை அணைத்து, பிரேக்கைப் பூட்டி, சாவியைத் திருப்பிப் பொத்தானை அழுத்தும்போதும் மல்டிமீட்டரைப் பாருங்கள். எண் மளமளவெனச் சரிந்தால், பேட்டரியோ அதன் முனைகளோதான் குற்றவாளி. ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் அக மின்தடை இதுதான். அடுத்து ஒயர் இணைப்புகள், பிறகு உணரி. மோட்டாரைக் கடைசியில் கழற்றலாம்.