எல்லை தாண்டினால் மாறும் விலையும் விதியும்: கேரள-தமிழக எல்லைக் கிராமங்கள் உணர்த்தும் பாடம்

வெள்ளறடை: திருவனந்தபுரம் மாவட்டத்தின் வெள்ளறடை, பாறசாலை பகுதிகளில் இருந்து சிறிது தொலைவு சென்றாலே தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டம் தொடங்கிவிடுகிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது உருவான இந்த எல்லை, இன்று இரு வேறு வரிகளையும் தடைகளையும் பிரிக்கிறது. அரசின் விதி எல்லையோடு நின்றுவிடுகிறது; நுகர்வோர் நிற்பதில்லை.

எரிபொருள்: தமிழகம் நோக்கி

பெட்ரோல், டீசல் ஜிஎஸ்டி வரம்பில் இல்லாததால், அவற்றின் மீதான விற்பனை வரியை மாநிலங்களே நிர்ணயிக்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரள அரசோ, 2023 ஏப்ரல் 1 முதல் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் விதித்தது. பெட்ரோலைப் பொறுத்தவரை இவ்விரு முடிவுகளால் மட்டும் 5 ரூபாய் வேறுபாடு ஏற்படுகிறது. 40 லிட்டர் நிரப்பும் கார் உரிமையாளருக்கு இது 200 ரூபாய் சேமிப்பு. எனவே எல்லையோர வாகன ஓட்டிகள் களியக்காவிளை பகுதி பங்க்குகளை நாடுகின்றனர்.

செஸ் விதிக்கப்பட்டது நலிந்தோருக்கான ஓய்வூதிய நிதிக்காக. ஆனால், ஒருவர் எல்லை தாண்டி எரிபொருள் நிரப்பும்போது, செஸ் மட்டுமன்றி விற்பனை வரி முழுவதையும் கேரளம் இழக்கிறது. ஆலப்புழை ஆட்டோ ஓட்டுநருக்கு இந்த வாய்ப்பு இல்லை. கூடுதல் விலையை அவர் செலுத்தியே ஆக வேண்டும்.

லாட்டரி: கேரளம் நோக்கி

லாட்டரியில் நிலைமை தலைகீழ். கேரளம் 1967-இல் அரசு லாட்டரித் துறையைத் தொடங்கியது. தமிழகம் 2003-இல் லாட்டரி விற்பனையைத் தடை செய்தது. ஏழைக் குடும்பங்களின் வருவாயைக் காப்பதே தடையின் நோக்கம். எனினும், தமிழகத்தினர் கேரளம் சென்று சீட்டு வாங்குவது நிற்கவில்லை. 2023 திருவோணம் பம்பரில் 25 கோடி ரூபாய் முதல் பரிசு தமிழகத்தைச் சேர்ந்த நால்வருக்கே கிடைத்தது. பரிசு பெறாத பெரும்பாலோரின் பணமும் கேரளத்துக்கே செல்கிறது.

ரேஷன் அரிசி: எல்லையில் கடத்தல்

தமிழகத்தில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். எல்லைக்கு அப்பால் அதற்கு விலை உண்டு என்பதே கடத்தலுக்குக் காரணம். அரிசி மூட்டையைச் சோதனைச் சாவடியில் தடுக்கலாம். வாகனத்தின் தொட்டியில் உள்ள பெட்ரோலைத் தடுக்க முடியாது.

தீர்வு என்ன?

2017 ஜூலையில் ஜிஎஸ்டி அமலாகி வரி விகிதங்கள் ஒன்றானபோது, வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. எரிபொருளையும் ஜிஎஸ்டியில் சேர்த்தால் விலை இடைவெளி பெருமளவு குறையும். ஆனால், மாநிலங்கள் தாமே நிர்ணயிக்கும் முக்கிய வருவாயை இழக்க நேரிடும். அதற்கு அவை தயாராகாத வரை, புதிய வரியோ தடையோ விதிக்கும் முன் அண்டை மாநிலத்தின் விதியையும் கணக்கில் கொள்வதே இரு அரசுகளுக்கும் உள்ள வழி.