மரம் வைப்போம், உறுதியும் கேட்போம்

துரை பங்களா வாசலில் செவ்விளநீர் மரம் அழகுக்கு நிற்கிறது. லயத்து வாசலில் நாம் ஒரு தென்னங்கன்று வைத்தால், "யாரைக் கேட்டு வச்ச?" என்கிறார்கள்.

தாழ்நிலத் தோட்டங்களில் புதிய வீடு கிடைத்த உறவுகள், கலப்பினத் தென்னை வைக்கலாமா என்று எம்மிடம் கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம். 1929இல் தொடங்கிய லுணுவில தெங்கு ஆராய்ச்சி நிறுவனம், குட்டை மரத்துப் பூவில் நெட்டை மரத்து மகரந்தத்தைச் சேர்த்து இக்கன்றுகளை உருவாக்கியது. நெட்டை மரம் காய்க்க 6, 7 வருடம் செல்லும்; நன்றாகப் பராமரித்தால் இவை 4 வருடமளவில் பாளை விடும். வாசலுக்கு அழகு, கறிக்குத் தேங்காய்.

ஆனால் இம்மரத்துத் தேங்காயையே விதைக்குப் போடாதீர்கள். பிள்ளை தாயைப் போல வராது. கன்றை அரச நாற்றுமேடையில் வாங்குங்கள். மரத்துக்கு மரம் 26 அடி வேண்டும். 7 பேர்ச்சஸில் வீடு போக ஒன்றிரண்டு மரத்துக்கே இடமுண்டு.

அந்த மரம் 50 வருடத்துக்கு மேல் நிற்கும். உறுதியில்லாத காணியில் அதை யாரை நம்பி வைப்பது? வகுப்பில் மரம் நடச் சொன்னால், "எங்க சேர்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நாம்தான் பதில் தேடவேண்டும்.

எனவே தோழர்களே, வீடு கிடைத்தும் உறுதி கிடைக்காத குடும்பங்கள், வீட்டு இலக்கத்தையும் வீடு கிடைத்த ஆண்டையும் இம்மாதமே தோட்டத் தலைவரிடம் பதியுங்கள். பட்டியலோடு எல்லோரும் சேர்ந்தே போவோம். கன்றையும் வைப்போம்; காணியையும் எழுதி வாங்குவோம்.