முழங்காலுக்கும் இடம் வேண்டும்

என் அண்ணனின் உயரம் 185 சென்டிமீட்டர். அவர் ஓட்டுவதோ ஒரு காப்சாய். சந்தியில் கைப்பிடியை முழுவதும் திருப்பினால் அது அவருடைய முழங்காலில் இடிக்கும். உடனே காலை வெளியே விரிப்பார், வண்டி தடுமாறும்.

“பெரிய மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டியதுதானே?” என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பணத்திற்கு எங்கே போவது? அவரிடம் இருப்பதும் பி2 உரிமம். 250 சிசிக்கு மேல் ஓட்ட முடியாது. ஆகவே, இருக்கிற வண்டியை உடலுக்கேற்பச் சரிசெய்வதே முறை என்பது என் கருத்து.

முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பதை இருக்கைக்கும் கால்மிதிக்கும் உள்ள இடைவெளிதான் முடிவு செய்கிறது. மெத்தை தைப்பவரிடம் கொடுத்து இருக்கையை 3 சென்டிமீட்டர் உயர்த்தினோம். அமரும் பள்ளத்தையும் சற்றுப் பின்னே தள்ளச் சொன்னோம். முழங்கால் கைப்பிடியை விட்டு விலகியது. பின்னால் அமரும் எனக்குத்தான் இடம் குறைந்துபோனது. அதை யாரும் கேட்கவில்லை!

கால்மிதியைத் தாழ்த்துவதை நான் ஏற்கமாட்டேன். வளைவில் வண்டி சாயும்போது அது தரையில் உரசும். கைப்பிடியை உயர்த்துவதிலும் கவனம் தேவை. பிரேக் கம்பியின் நீளம் போதாவிட்டால், திருப்பும்போது அது இழுபடும். இருக்கை உயர்ந்ததும் பக்கக் கண்ணாடிகளையும் மீண்டும் திருப்பி வைக்க வேண்டும். அண்ணன் அதை மறந்துவிட்டு, முதல் நாள் கண்ணாடியில் தன் முழங்கையைத்தான் பார்த்தார்.

புதிதாக வாங்குபவர்கள் கடையிலேயே ஏறி அமர்ந்து, கைப்பிடியை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.